தேர்தல் கணக்கில் சதவீதமும் முழுதாக்கலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு மாலை நேரத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். சதவீதப் பாடத்தில் தேர்தல் கணக்கு வந்ததும் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். விடை என்ன என்று பாதிப் பேர் கேட்பார்கள். நிஜத் தேர்தலிலும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்களா என்று மீதிப் பேர் கேட்பார்கள். இரண்டு பக்கமிருந்தும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

தேர்தல் கணக்கைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

சதவீதம் என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் "எதில்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். தேர்தல் கணக்கில் எண்ணிக்கைகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். வாக்காளர் பட்டியலில் இருப்பவர்கள் முதலில். அவர்களில் வந்து ஓட்டுப் போட்டவர்கள் அடுத்து. அதில் செல்லுபடியான ஓட்டுகள் அதற்கும் உள்ளே. கடைசியில்தான் ஒரு வேட்பாளர் வாங்கிய ஓட்டு. 20% என்று சொன்னால் இவற்றில் எதில் 20% என்பது தெரியாமல் பேனாவை எடுக்கக் கூடாது.

பின்னத்தில் மேலே இருப்பதைத் தொகுதி என்றும் கீழே இருப்பதைப் பகுதி என்றும் பள்ளியில் படித்திருப்போம். தேர்தல் கணக்கில் "தொகுதி" என்றால் எதைச் சொல்கிறோம் என்று வகுப்பே சிரிக்கும். அதனால் நான் மேல் எண், கீழ் எண் என்றே சொல்கிறேன். தவறுகளில் பெரும்பாலானவை கீழ் எண்ணில்தான் நடக்கின்றன.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுங்களேன்.

சரி. ஒரு தேர்தலில் இரண்டே வேட்பாளர்கள். பட்டியலில் உள்ளவர்களில் 20% பேர் ஓட்டுப் போடவில்லை. பதிவான ஓட்டுகளில் 5% செல்லாதவை. வென்றவர் செல்லுபடியான ஓட்டுகளில் 55% வாங்கி, 3,800 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். பட்டியலில் மொத்தம் எத்தனை பேர்?

உள்ளே இருந்து வெளியே வாருங்கள். வென்றவருக்கு 55% என்றால் தோற்றவருக்கு 45%. வித்தியாசம் 10%, அதாவது 3,800 ஓட்டு. ஆகவே செல்லுபடியானவை 38,000. இது பதிவானவற்றில் 95%, எனவே பதிவானவை 40,000. அது பட்டியலில் 80%, எனவே பட்டியல் 50,000. முடிந்தது.

இதே கணக்கில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. வென்றவர் வாங்கியது 20,900 ஓட்டு. செல்லுபடியானவற்றில் அது 55%, பதிவானவற்றில் 52.25%, பட்டியலில் 41.8%. வெற்றி விழா மேடையில் எந்த எண்ணைச் சொல்வார்கள், எதிர்க்கட்சிக்காரர் எதைச் சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள். யாரும் பொய் சொல்லவில்லை.

20 + 5 = 25, ஆகவே 75% என்று போட்டேன். விடை 50,666.67 வந்தது. அருகில்தானே இருக்கிறது?

அருகில் இருப்பதுதான் ஆபத்து. 20% பட்டியலில் எடுத்தது, 5% பதிவானவற்றில் எடுத்தது. கீழ் எண் வேறு வேறாக இருக்கும் இரண்டு சதவீதங்களைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். 0.80 × 0.95 = 0.76. செல்லுபடியானவை பட்டியலில் 76%.

அந்த .67 ஐயும் கவனியுங்கள். மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர் எந்த ஊரில் இருக்கிறார்? கேள்வியில் கொடுத்த சதவீதங்கள் துல்லியமானவை என்றால் ஆள் கணக்கு முழு எண்ணாகத்தான் முடியும். தசமம் ஒட்டிக்கொண்டு வந்தால், அதை 50,667 என்று முழுதாக்கி விடைத்தாளில் எழுதிவிடாமல், எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று திரும்பிப் பாருங்கள். முழுதாக்கினால் தப்பு மறைந்துவிடும், அவ்வளவுதான்.

நிஜத் தேர்தலில் செல்லாத ஓட்டு 5% எல்லாம் வருமா?

வாக்குச்சீட்டுக் காலத்தில் செல்லாத ஓட்டு பெரிய விஷயம். இப்போது இயந்திரத்தில் பொத்தானை அமுக்குவதால், செல்லாதவை என்று ஒதுக்கப்படுபவை பெரும்பாலும் தபால் வாக்குகள்தாம். உறுதிமொழிப் படிவத்தில் கையொப்பம் சரியில்லை, சான்றொப்பம் இல்லை என்ற மாதிரிக் காரணங்கள். எண்ணிக்கை சின்னதாக இருந்தாலும் வித்தியாசம் அதைவிடச் சின்னதாக இருந்தால் சிக்கல்தான். 2016 இல் ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. தபால் வாக்குகளைத் தள்ளியது சரியா என்ற வழக்கு நீதிமன்றம் வரை போனது.

நோட்டா செல்லுபடியான ஓட்டா?

பதிவான ஓட்டு, ஆனால் எந்த வேட்பாளருக்கும் விழாத ஓட்டு. உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பரில் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு இந்தப் பொத்தான் வந்தது. வாக்குப்பதிவு சதவீதத்தில் நோட்டாவைச் சேர்ப்பார்கள். டெபாசிட் கணக்குப் பார்க்கும்போது சேர்க்க மாட்டார்கள், ஏனென்றால் அங்கே கீழ் எண் வேட்பாளர்கள் எல்லோரும் சேர்ந்து வாங்கிய செல்லுபடியான ஓட்டு. ஒரு கட்சியின் வாக்கு சதவீதம் இரண்டு பத்திரிகைகளில் கொஞ்சம் வேறுபட்டால், நோட்டாவைச் சேர்த்தார்களா என்று முதலில் பாருங்கள்.

டெபாசிட் போக 16.67% கணக்கா?

இதில்தான் எனக்கு வகுப்பில் அதிக நேரம் போகும். போனால் போகட்டும், பொறுமையாகப் பார்ப்போம்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951 இன் 158 ஆவது பிரிவில் எந்தச் சதவீதமும் இல்லை. "ஆறில் ஒரு பங்கு" என்றுதான் இருக்கிறது. வெற்றி பெறாத வேட்பாளர் வாங்கிய ஓட்டு, மொத்தச் செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் கட்டுத்தொகை பறிபோகும். சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், மக்களவைக்கு 25,000 ரூபாய், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கு அதில் பாதி. "தாண்டாவிட்டால்" என்பதைக் கவனியுங்கள். மிகச் சரியாக ஆறில் ஒரு பங்கு வாங்கினாலும் பணம் போச்சு.

ஒரு கற்பனைத் தொகுதி. இயந்திரத்திலும் தபாலிலும் சேர்த்து, செல்லாதவை போக 1,90,000 ஓட்டு. அதில் நோட்டா 2,346. ஆக வேட்பாளர்களுக்கு விழுந்தவை 1,87,654. ஆறால் வகுத்தால் 31,275.666… வருகிறது.

மூன்று வேட்பாளர்களை வைத்துக்கொள்வோம். அழகன் 31,275, பூங்கொடி 31,276, முத்து 31,278. கால்குலேட்டரில் போட்டு இரண்டு தசமத்துக்கு முழுதாக்கினால் மூன்று பேருக்குமே 16.67% தான் வரும். ஆனால் அழகனுக்கு டெபாசிட் போய்விட்டது, மற்ற இருவருக்கும் கிடைக்கும்.

இப்போது 16.67% ஐயே சட்டம் என்று நினைத்து மறுபக்கத்திலிருந்து வருபவரைப் பார்ப்போம். 1,87,654 இல் 16.67% என்றால் 31,281.9. முத்துவுக்கு 31,278 தானே, ஆகவே அவருக்கும் போச்சு என்பார். தவறு. நோட்டாவையும் சேர்த்து 1,90,000 ஐ ஆறால் வகுப்பவருக்கு எல்லை 31,666.67 வரும், அவர் கணக்கில் மூவருமே காலி. அதுவும் தவறு.

வகுக்கவே வேண்டாம், பெருக்குங்கள். வேட்பாளரின் ஓட்டை ஆறால் பெருக்கி மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். 31,275 × 6 = 1,87,650, மொத்தத்தைத் தாண்டவில்லை. 31,276 × 6 = 1,87,656, இரண்டு ஓட்டு தாண்டிவிட்டது. தசமமே வராத இடத்தில் முழுதாக்கல் எப்படி வரும்? நான் ஒருமுறை வாக்கு எண்ணும் மையத்தில் முகவராக உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து மேஜைக்காரர் செல்போனில் 16.67 ஐ அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறால் பெருக்கச் சொன்னதும் சந்தேகமாகப் பார்த்தார், அப்புறம் அவரே சிரித்துவிட்டார்.

நடுவில் முழுதாக்கலாமா, கடைசியில்தானா?

கடைசியில், ஒரே ஒரு தடவை. 5.4462% ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நேராக முழு எண்ணுக்கு முழுதாக்கினால் 5. படிப்படியாக இறங்கினால் 5.446, 5.45, 5.5, கடைசியில் 6. ஒவ்வொரு படியிலும் விதிப்படிதான் செய்தோம், ஆனாலும் ஒரு முழுச் சதவீதம் ஏறிவிட்டது. வாட்ஸாப்பில் ஒருவர் 5.45 என்று போட, அடுத்தவர் 5.5 என்று எழுத, மூன்றாமவர் "சுமார் 6%" என்று சொல்வது இப்படித்தான்.

எல்லாருடைய சதவீதத்தையும் கூட்டினால் 100.1 வருகிறதே?

வரட்டும். 41.46, 33.46, 25.08 கூட்டினால் சரியாக 100. ஒரு தசமத்துக்கு முழுதாக்கினால் 41.5, 33.5, 25.1, கூட்டுத்தொகை 100.1. யாராவது ஒருவரிடமிருந்து 0.1 ஐப் பிடுங்கி நூறாக்குவது நேர்மையில்லை. "முழுதாக்கியதால் கூட்டுத்தொகை சற்று மாறலாம்" என்று அட்டவணைக்குக் கீழே ஒரு வரி எழுதினால் போதும்.

சதவீதம் தெரியும். அதிலிருந்து ஓட்டு எண்ணிக்கையைக் கண்டுபிடிக்கலாமா?

ஓரளவுக்கு. செல்லுபடியானவை 1,23,456, ஒருவருக்கு 54.37% என்று செய்தியில் வருகிறது. பெருக்கினால் 67,123.03. உடனே 67,123 என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் 54.37 என்பதே முழுதாக்கிய எண். உண்மை 54.365 க்கும் 54.375 க்கும் நடுவில் எங்கேயும் இருக்கலாம். 67,117 முதல் 67,129 வரை பதின்மூன்று விடைகள் சாத்தியம். தேர்வில் 67,123 எழுதுங்கள், பந்தயம் கட்டாதீர்கள்.

வாக்குப்பதிவு சதவீதம் ஏன் மறுநாள் மாறுகிறது?

2024 ஏப்ரல் 19 அன்று தமிழகத்தில் மக்களவைத் தேர்தல் நடந்தது. அன்று இரவு 7 மணி நிலவரமாகச் சொன்னது 72.09%. மறுநாள் அது 69.46% ஆனது. இறுதியில் 69.72%. முதலில் வருவது எல்லாச் சாவடிகளையும் எண்ணி முடித்த கணக்கு இல்லை. சில சாவடிகளிலிருந்து வந்த தகவலை வைத்துப் போட்ட மதிப்பீடு. ஒவ்வொரு சாவடியிலும் எத்தனை ஓட்டு பதிவானது என்பதைச் சொல்லும் கணக்கு படிவம் 17சி. அதன் நகல் வாக்குச்சாவடி முகவர்களுக்குக் கொடுக்கப்படும். அதில் சதவீதம் கிடையாது, எண்ணிக்கைதான்.

இரண்டு தசமத்தோடு வரும் எண் துல்லியமானது என்று நம் மூளை நம்பிவிடுகிறது. 72.09 என்பதற்குப் பதிலாக "சுமார் 70 முதல் 72" என்று சொல்லியிருந்தால் மறுநாள் அவ்வளவு சந்தேகம் கிளம்பியிருக்காது என்பது என் அபிப்பிராயம்.

72.09 இலிருந்து 69.46 என்றால் 2.63% குறைந்தது என்று சொல்லலாமா?

2.63 சதவீதப் புள்ளி குறைந்தது என்று சொல்லுங்கள். சதவீதமாகச் சொல்ல வேண்டுமென்றால் 2.63 ஐ 72.09 ஆல் வகுக்க வேண்டும், 3.65% வரும். இது வேறு, அது வேறு.

பாதிக்குப் பாதி வந்தால் மேலே ஏற்றுவதா, கீழே இறக்குவதா?

பாடப்புத்தகத்தில் 5 வந்தால் மேலே. சட்டத்தில் அந்த விதியே பெரும்பாலும் செல்லாது. அங்கே எழுதியிருக்கும் சொல்தான் திசையைச் சொல்லும்.

"மிகக் கூடாது" என்றால் கீழே. மாநில அமைச்சரவை, முதலமைச்சரையும் சேர்த்து, சட்டமன்றத்தின் 15% ஐ மிகக் கூடாது என்பது 2003 இல் வந்த 91 ஆவது திருத்தம். 234 இல் 15% என்றால் 35.1. ஆகவே 35 பேர். 35.9 வந்திருந்தாலும் 35 தான்.

"குறையக் கூடாது" என்றால் மேலே. கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் வேறு கட்சியோடு இணைய, சட்டமன்றக் கட்சி உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் சம்மதிக்க வேண்டும். 40 பேர் இருந்தால் 26.67. 26 பேர் போதாது, 27 வேண்டும். 31 பேர் இருந்தால் 20.67, எனவே 21.

"பாதிக்கு மேல்" என்றால் இன்னும் கறார். 234 இல் பாதி 117, தசமமே இல்லை. ஆனாலும் 118 வேண்டும். இந்த எண் தமிழ்நாட்டில் டீக்கடை வரை தெரிந்த எண்.

மக்களவையில் எதிர்க்கட்சித் தலைவர் பதவிக்கு 10% உறுப்பினர்கள் வேண்டும் என்ற மரபு உண்டு. 543 இல் 54.3, ஆகவே 55. காங்கிரஸுக்கு 2014 இல் 44, 2019 இல் 52. இரண்டு தடவையும் பதவி கிடைக்கவில்லை.

ஒரு கட்சிக்கு 7.96% வந்தால் 8% என்று எடுத்துக்கொள்வார்களா?

மாட்டார்கள். மாநிலக் கட்சி அங்கீகாரத்துக்குப் பல வழிகள் உண்டு. மாநிலத்தில் 6% ஓட்டும் இரண்டு சட்டமன்ற இடங்களும் ஒரு வழி. இடமே இல்லாவிட்டாலும் 8% ஓட்டு இன்னொரு வழி. நாம் தமிழர் கட்சி 2021 இல் 6.5 சதவீதத்தைத் தாண்டியும் ஓர் இடமும் இல்லாததால் அங்கீகாரம் கிடைக்கவில்லை. 2024 இல் 8 ஐத் தாண்டியது, அப்புறம் கிடைத்தது. எல்லை என்று ஒன்றை வைத்துவிட்டால் அதில் முழுதாக்கலுக்கு இடமில்லை.

முழுதாக்கியதால் ஒரு தேர்தல் முடிவே மாறியிருக்கிறதா?

சில மணி நேரத்துக்கு மாறியிருக்கிறது. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் 1992 ஏப்ரல் 5 அன்று தேர்தல். 5% வாங்கினால்தான் சபைக்குள் போகலாம். பசுமைக் கட்சிக்கு 5.0% என்று அட்டவணை காட்டியது. உள்ளே போய்விட்டார்கள் என்று அறிவித்துவிட்டார்கள். நள்ளிரவை ஒட்டி ஒருவர் கணக்கைச் சரிபார்த்தபோது உண்மை எண் 4.97. ஒரு தசமத்துக்கு மேல் காட்டாத நிரல்தான் 5.0 என்று அச்சடித்திருந்தது. பசுமைக் கட்சி வெளியே போனது, சமூக ஜனநாயகக் கட்சிக்கு ஒரே ஓர் இட வித்தியாசத்தில் தனிப் பெரும்பான்மை கிடைத்தது.

கணிப்பொறி கணக்கைச் சரியாகத்தான் போட்டது. காட்டும் எண்ணைப் போய் எல்லையோடு ஒப்பிட்டதுதான் பிழை. எக்செல்லில் தசமத்தைக் குறைத்துவிட்டு அதைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் எல்லோரும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள்.

இலங்கையில் ஒரே மாவட்டத்தில் பல கட்சிகளுக்கு ஆசனம் எப்படிப் பிரிக்கிறார்கள்?

மீதியை வைத்து. 2020 நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தைப் பார்ப்போம். மொத்தம் 7 ஆசனம். 5% க்குக் கீழே வாங்கியவர்களை முதலில் நீக்க வேண்டும். மிஞ்சிய ஐந்து: இலங்கைத் தமிழரசுக் கட்சி 1,12,967, அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் 55,303, சுதந்திரக் கட்சி 49,373, ஈபிடிபி 45,797, தமிழ் மக்கள் தேசியக் கூட்டணி 35,927. கூட்டினால் 2,99,367.

அதிக ஓட்டு வாங்கிய கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். அது தமிழரசுக்கு. மீதி ஆறு. 2,99,367 ஐ ஆறால் வகுத்தால் 49,894.5. இங்கே அரசியலமைப்பே முழுதாக்கல் விதியைச் சொல்கிறது. பின்னம் வந்தால் அடுத்த முழு எண், அதாவது 49,895. தமிழரசுக்கு இரண்டு தடவை அடங்கும், மீதி 13,177. தமிழ்க் காங்கிரஸுக்கு ஒரு தடவை, மீதி 5,408. மற்ற மூவருக்கும் ஒரு தடவைகூட அடங்கவில்லை. சுதந்திரக் கட்சிக்கு வெறும் 522 குறைவு. ஆனால் அவர்களுடைய முழு ஓட்டும் மீதியாகவே நிற்கிறது! மூன்று ஆசனம் பாக்கி. பெரிய மீதி யாருக்கு? அந்த மூவருக்கும்தான். ஆளுக்கொன்று. தமிழரசுக்கு போனஸோடு மூன்று, மற்ற நால்வருக்கும் ஒவ்வொன்று.

35,927 ஓட்டுக்கும் 55,303 ஓட்டுக்கும் ஒரே ஆசனம். அநியாயம் என்று தோன்றினால், வகுத்தலில் மீதி வந்த பிறகு அதை எப்படிப் பிரித்தாலும் யாராவது ஒருவருக்கு அநியாயமாகத்தான் படும்.

2024 இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் 42.31% எப்படி 55.89% ஆனது?

கீழ் எண் மாறிவிட்டது. முதல் எண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்கவுக்கு 56,34,915 ஓட்டு, 42.31%. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லாததால் முதல் இருவரைத் தவிர மற்றவர்களை நீக்கி, அவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் இருந்த அடுத்த விருப்பங்களை எண்ணினார்கள். அவருக்குக் கூடுதலாகச் சேர்ந்தது 1,05,264 மட்டுமே. மொத்தம் 57,40,179. சஜித் பிரேமதாசவுக்கு 45,30,902. இந்த இருவரின் ஓட்டை மட்டும் கூட்டிக் கீழே வைத்தால் 55.89%. பழைய கீழ் எண்ணையே வைத்திருந்தால் 43.1% தான்.

அதிக வாக்கு சதவீதம் வாங்கினால் ஆட்சி உறுதியா?

இல்லை. 2018 மத்தியப் பிரதேசத்தில் பாஜகவுக்கு 41.02%, காங்கிரஸுக்கு 40.89%. இடங்கள் 109 க்கு 114.

ஒரே ஒரு ஓட்டில் தோற்றால் சதவீதத்தில் எப்படிக் காட்டுவது?

காட்ட முடியாது. 2008 இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் சி.பி. ஜோஷி 62,215 ஓட்டு வாங்கி, 62,216 வாங்கிய கல்யாண் சிங் சௌகானிடம் தோற்றார். 2004 இல் கர்நாடகத்தின் சந்தேமாரஹள்ளியிலும் இதே கதை, 40,751 க்கு 40,752. இரண்டு தசமத்துக்கு எழுதினால் வென்றவரும் தோற்றவரும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி இருப்பார்கள்.

ஒரு ஓட்டு வித்தியாசம்கூட இல்லாமல் இருவரும் சமமாக வந்துவிட்டால்? தேர்தல் நடத்தும் அலுவலர் அங்கேயே சீட்டுக் குலுக்குவார். யார் பெயர் வருகிறதோ அவருக்கு ஒரு ஓட்டு கூடுதலாகக் கிடைத்ததாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.